சுவரைப் பார்த்த பதினான்கு கண்கள்

என் மனைவி தெருவிளக்குக்காரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் பகுதியில் ஒரு விளக்கு மினுக்கினால் ஆட்கள் இன்னும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவளுக்கு லைட்டக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தையல்காரன். இந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு இடுப்பளவு எனக்கு மனப்பாடம். இருந்தும் என்னை லைட்டக்கா வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். எனக்கென்று ஒரு பட்டப்பெயர் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீருடைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். கால்சட்டைக்கு எட்டுப் பை வேண்டும் என்றாள். குறடு, திருப்புளி, டெஸ்டர், ஒட்டுநாடா, கையுறை என்று எதற்கு எந்தப் பை என விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். நான் பத்துப் பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

"எட்டுதானே கேட்டேன்?"

"ரெண்டு கூட இருந்துட்டுப் போகட்டுமே."

"கேட்டது போதும். கூட இருந்தா கை தப்பான பைக்குள்ள போகும்" என்று சொல்லி, அந்த இரண்டு பைகளையும் தன் கண் முன்னாலேயே பிரிக்க வைத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆறே மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஏணி வண்டியின் கூடையில் ஏறி முப்பது அடி உயரத்தில் வேலை செய்யும் பெண்ணை அதற்கு முன் எங்கள் பகுதி பார்த்ததில்லை. முதல் ஒரு மாதம் அவள் எங்கே ஏறினாலும் கீழே ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டாம் மாதம் கூட்டம் கலைந்து, "அக்கா, எங்க வீட்டு முன்னால எப்ப வருவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தது. எங்கே போனாலும் அவள் கண் மேலேதான் இருக்கும். சினிமாவுக்குக் கூட்டிப் போனால் எல்லோரும் திரையைப் பார்க்க, இவள் மட்டும் கதவுக்கு மேலே மினுக்கிக்கொண்டிருக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படம் முடிந்து வரும்போது எனக்குக் கதை சொல்லத் தெரியும், அவளுக்கு அந்த விளக்கின் வியாதி தெரியும்.

எங்கள் பகுதியின் இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் ஒரே பெட்டியிலிருந்துதான் மின்சாரம் வாங்கின. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, சாவி அவள் இடுப்பில். அந்தி சாயும்போது போய் ஏற்ற வேண்டும், விடியும்போது போய் அணைக்க வேண்டும். மழை, காய்ச்சல், விடுமுறை எதுவும் கணக்கில்லை. பத்தொன்பது வருடம் அவள் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்தாள். எங்கள் மகள் பிறந்த வாரம் மட்டும் நான் போய் அணைத்தேன். அதிலும் ஒரு நாள் தூங்கிவிட்டேன், காலை எட்டு மணி வரை ஊர் முழுக்க விளக்கு எரிந்தது. அதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

பிறகு கண்கள் வந்தன. விளக்கின் தலைமேல் உட்காரும் ஒரு சிறிய உருளை, அதன் ஒரு பக்கத்தில் கண்ணாடிச் சில்லு. இருட்டினால் தானே விளக்கை ஏற்றும், வெளிச்சம் பட்டால் தானே அணைக்கும். அதற்கு அட்டைப்பெட்டியில் ஏதோ பெரிய பெயர் போட்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் கண் என்றுதான் சொன்னார்கள். சூரியன் நேராக அடித்தால் நேரம் கெட்டுவிடும் என்பதால் எல்லாக் கண்களையும் வடக்குப் பார்த்து வைக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அது சுலபமாக இருந்தது. எங்கள் தெருக்கள் எல்லாம் கிழக்கு மேற்காகப் போகின்றன. கம்பங்கள் தெருவின் தெற்கு ஓரத்தில் நிற்கும், விளக்கைத் தாங்கும் கை வடக்கே நீண்டு தெருவுக்கு மேலே வரும். கை நீண்ட பக்கம் கண்ணைத் திருப்பினால் வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் அத்தனையும் மாட்டிவிட்டு, எல்லாம் வடக்குப் பார்த்து இருக்கின்றன என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். சாவி அவசரத்துக்கு மட்டும் என்று ஆனது. அதன் பிறகு அவள் காலை ஆறு மணி வரை தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் எந்த மனுஷியிடமும் பார்த்ததில்லை.

இனி என் பட்டப்பெயர். என்னைக் கூட்டல் என்பார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாய் துரத்தினால் என் கதையில் மூன்று நாய்கள் துரத்தும். தூறினால் வெள்ளம் வரும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கேட்கிறவர் முகம் மலர்ந்தால் என் வாய் தானாக நீண்டுவிடும். துணியில் மட்டும் நான் அரை விரற்கடைகூடத் தப்ப மாட்டேன். என் மனைவி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பாதியை நம்புவாள்.

கண்கள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைப்பேசி எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். ஒரு பள்ளிக்கூடச் சீருடை வேலை எடுத்திருந்தேன். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிவிடும். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுத்து வரலாம் என்று செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது மேலே போனேன்.

கொடியில் துணி தொங்கியது. நான் அதன் எதிரில், பழைய கிடங்கு இருக்கும் திசையைப் பார்த்து நின்றிருந்தேன். கையை நீட்டுவதற்குள் துணி பளீரென்று வெளுத்தது. துணியின் மேல் என் நிழல் விழுந்திருந்தது. விழுந்து சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் தொடங்கி வலது பக்கமாக நகர்ந்தது. நான் அசையவே இல்லை, என் நிழல் மட்டும் நடந்து போகிறது. சட்டென்று திரும்பினேன்.

வானத்தில் ஒரு நெருப்புருண்டை போய்க்கொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த நிறம். பின்னால் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒரு கோடு. சத்தமே இல்லை. என் கைரேகை எனக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட காலுறையின் ஓட்டை தெரிந்தது. கிழக்கே போனதும் மூன்று துண்டாக உடைந்து, ஒவ்வொன்றாக அவிந்தது. எல்லாம் நாலைந்து நொடிதான் இருக்கும்.

நான் முதலில் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சட்டைப் பையிலிருந்த நீலச் சுண்ணக்கட்டியை எடுத்து, நிழல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று துணியில் இரண்டு கோடு போட்டேன். துணியில் எதைக் கண்டாலும் குறித்துவிடுவது கையோடு வந்த பழக்கம். அதற்குப் பிறகுதான் தெருவைப் பார்த்தேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை கும்மிருட்டு. கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடியதுபோல் ஒரு உறுமல் கேட்டது.

கீழே ஓடிப்போய் அவளை உலுக்கினேன்.

"எழுந்திரு! வானத்துல ஒண்ணு போச்சு! ஊரே பகலாயிடுச்சு! விளக்கெல்லாம் அணைஞ்சுபோச்சு!"

கண்ணைத் திறக்காமலே கழித்துப் பார்த்தாள். "ஒரு மின்னல் வெட்டியிருக்கும். படுங்க."

"சன்னல் வழியா பாரேன்!"

ஒரு வழியாக அவள் எழுந்து சன்னலுக்கு வருவதற்குள் விளக்குகள் சிவப்பாக முனகி, மஞ்சளாகி, நல்ல பிள்ளைகளாக எரியத் தொடங்கிவிட்டன. சோடியம் விளக்கின் குணம் அது. ஒரு நொடி அணைந்தாலும் போதும், சூடு ஆறி மறுபடி எரிய ஐந்தாறு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

"எரியுதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் வினை நடந்தது. பத்திரிகை போடுகிறவர் சைக்கிளில் வந்திருக்கிறார். விளக்குகள் பட்டென்று போனதும் எதுவும் தெரியாமல், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். குனிந்து மிதித்து வந்ததில் என்னவோ பளிச்சென்றது, டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்று நினைத்தேன் என்றார். பகல் பத்து மணிக்குள் அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது.

பிரிவு அதிகாரி கெட்டவர் அல்ல. சட்டைக் காலர் பொத்தானைக்கூடக் கழற்றாத ஆள், அவ்வளவுதான். மின் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். எந்தத் தடங்கலும் இல்லை, மின்சாரம் விடாமல் போய்க்கொண்டிருந்தது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அவளைக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்தார்.

"ஒரு கண்ணு கெட்டுப்போகலாம்மா. எல்லாக் கண்ணும் ஒரே நிமிஷத்துல கெடுமா?"

"கெடாது சார்."

"கரண்ட்டும் போகலை. அப்ப யாரோ பெட்டியைத் திறந்து மெயினை அணைச்சிருக்காங்க. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட சார். ஆனா நான் அணைக்கலை."

"ஏதாவது சோதிச்சுப் பார்த்தீங்களா? சொல்லிட்டா சின்ன விஷயம். இல்லைன்னு சொல்லி அப்புறம் தெரிஞ்சா பெரிய விஷயம்."

"நான் தூங்கிட்டிருந்தேன் சார்."

வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இருட்டில் யாருக்கும் சொல்லாமல் மெயினை அணைத்தாள், ஒரு ஆள் விழுந்தார், கேட்டால் பொய் சொல்கிறாள் என்பதுதான் அந்தத் தாளின் சுருக்கம். வேலை போனாலும் தாங்கியிருப்பாள். பொய் சொல்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கேட்டதற்குமேல் இரண்டு பை இருந்தாலே பிரிக்கச் சொன்னவள் அவள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"சாவியை நீங்க எடுத்தீங்களா?"

"என்னையா கேட்கிற?"

"நீங்கதான் முழிச்சிட்டிருந்தீங்க. விளையாட்டுக்கு ஏதாவது செஞ்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எனக்கு வலித்தது, சொல்லத்தான் வேண்டும். கோபமும் வந்தது. இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இவள் கணக்கில் நான் இவ்வளவுதானா என்று கத்த வாயைத் திறந்தேன். பிறகு நான் விட்ட கதைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. குற்றம் முழுக்க அவளுடையது அல்ல. எழுந்து போய் அந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தேன்.

"என் வாயை நம்ப வேண்டாம். இதைப் பாரு. என் நிழல் இங்க விழுந்துச்சு, இங்க வந்து முடிஞ்சுது. நான் இம்மிகூட நகரலை."

அவள் துணியையே பார்த்தாள். கோடுகளுக்கு நடுவே கையை வைத்து முழம் போட்டாள். துணியில் நான் பொய் எழுத மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"எந்தப் பக்கம் பார்த்து நின்னீங்க?"

"கிடங்குப் பக்கம்."

"அப்ப தெற்கு. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்து வந்திருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "வடக்கு." பிறகு, "கண்ணெல்லாம் வடக்கதான் பார்க்குது. விடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு அணைச்சிருக்கும்" என்றாள்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்திலேயே முகம் வாடியும்விட்டது. இதை அதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். சாட்சி யார் என்றால் புருஷன், அதிலும் கூட்டல். நூறு பேர் கேட்டால் நூறு பேரும் சிரிப்பார்கள்.

புதனும் வியாழனும் அவள் வேலை முடிந்ததும் தெருத் தெருவாக நடந்தாள். விடியற்காலை விழித்திருந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தாள். எல்லாரும் விளக்கு அணைந்ததைச் சொன்னார்கள். வானத்தை நிமிர்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ரொட்டிக்கடைச் சந்தில்தான் கதை மாறியது. ரொட்டிச் சூளைக்காரர் கையில் மாவோடு வெளியே வந்து, "என்னக்கா சொல்றீங்க? எங்க சந்துல விளக்கு எரிஞ்சுதே" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை, அஞ்சு மணிக்கு முன்னாடி."

"மாவு மூட்டை இறக்கிட்டிருந்தேன். பெரிய தெருவுல இருட்டாயிடுச்சுன்னு வண்டிக்காரர் சத்தம் போட்டாரு, நான் இங்க நின்னு எட்டிப் பார்த்தேன். நம்ம சந்துல ஒண்ணுகூட அணையலை."

அவள் நின்ற இடத்திலிருந்து மேலே பார்த்தாள். அந்தச் சந்து மட்டும் மற்ற தெருக்களைப்போல் அல்ல. தெற்கு ஓரம் முழுக்கப் பழைய கிடங்கின் சுவர், கரியும் பாசியும் ஏறிக் கறுத்துப்போன சுவர். கம்பம் நட இடமில்லாததால் கம்பங்கள் வடக்கு ஓரத்தில், ரொட்டிக்கடை வரிசையின் மாடிகளை ஒட்டி நின்றன. விளக்கின் கைகள் தெற்கே நீண்டிருந்தன. கை நீண்ட பக்கம் கண்ணைத் திருப்பும் பழக்கத்தில், பதினான்கு கண்களையும் அவள் தெற்குப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு வருடமாக அவை கறுத்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் அந்தச் சந்து விளக்குகள் மட்டும் கடைசியாக அணைகின்றனவே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சந்து இருட்டு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாளே தவிர, தன் கைதான் காரணம் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"போதும், தப்பிச்சோம்! மெயினை அணைச்சிருந்தா அந்தப் பதினாலும் சேர்ந்துதானே அணைஞ்சிருக்கும்? சூளைக்காரரைக் கூட்டிட்டுப் போ. எரிஞ்சுதுன்னு சொல்லட்டும், அவ்வளவுதான்."

"ஏன் எரிஞ்சுதுன்னு கேட்பாரே?"

"தெரியாதுன்னு சொல்லு."

"எல்லாம் வடக்கு பார்த்து இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பொய்க் கையெழுத்துங்க."

"தெரியாமப் போட்டதுதானே? அதுல எதுக்கு நீயே போய் வாயைக் கொடுக்கிற? ஒரு பொய்யில இருந்து தப்பிக்க இன்னொண்ணைத் தலையில ஏத்திக்குவியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "காரணம் இல்லாமச் சொன்னா அது உங்க கதை மாதிரி ஆயிடும்."

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்குவதுபோல் படுத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது என் சட்டைப் பொத்தானைச் சரி செய்தபடி சொன்னாள். "அங்க உங்களைக் கேட்பாங்க. பார்த்ததை மட்டும் சொல்லுங்க. ஒரு சாண்கூடக் கூட்ட வேண்டாம்."

"கூட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"துணி மேல சத்தியம்."

அலுவலகத்தில் ஒரு நீள மேசை. அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர், ஓரத்தில் கையில் கட்டுப் போட்ட பத்திரிகைக்காரர், மாவு படிந்த சட்டையோடு சூளைக்காரர். அவள் நின்றுகொண்டே பேசினாள். வெளிச்சம் வடக்கு வானத்தில் போனது, கண்கள் ஏமாந்து விளக்கை அணைத்தன, சோடியம் என்பதால் திரும்ப எரிய நேரமாயிற்று. பிறகு சூளைக்காரர் தன் பங்கைச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் பயந்த கேள்வியையே கேட்டார்.

"ஒரே பெட்டி, ஒரே மாதிரிக் கண்ணு. அந்தச் சந்து மட்டும் ஏன் எரிஞ்சுது?"

"அதைத் தப்பா மாட்டியிருக்கேன் சார். பதினாலும் தெற்க, சுவரைப் பார்த்து இருக்கு. ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதுக்கு நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. ஆனா மெயினை நான் அணைக்கலை."

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். தன் தப்பைத் தானே மேசைமேல் எடுத்து வைப்பவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"சரி. அந்த வெளிச்சத்தைப் பார்த்தது யாரு?"

நான் எழுந்தேன். பத்திரிகைக்காரர் முகத்தில் சிரிப்பு அரும்பியதைக் கவனித்தேன். சூளைக்காரர் கீழே பார்த்தார். நானே அளவெடுத்துத் தைத்த கால்சட்டை இடுப்பில் தளர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

"நான் பார்த்தேன் சார். வடக்கு வானத்துல, மேற்க இருந்து கிழக்க போச்சு. பச்சையா ஒரு வெளிச்சம். நாலு நொடி. கடைசியில உடைஞ்சுது."

"எவ்வளவு வெளிச்சம்?"

வாய்க்குள் பத்து சூரியன் வந்து நின்றது. விழுங்கினேன். காலுறை ஓட்டையைக்கூடச் சொல்லப் பயமாக இருந்தது.

"ஊசியில நூல் கோர்க்கலாம் சார். அவ்வளவுதான்."

பத்திரிகைக்காரர் இப்போது சத்தமாகவே சிரித்தார். "வேற யாரு கிடைச்சாங்க சாட்சிக்கு? கூட்டல் சொன்னா பாதியைக் கழிக்கணும் சார். ஊசி நூலுன்னா, ஏதோ தீக்குச்சி கிழிச்ச வெளிச்சம்னு வச்சுக்குங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு உதவியாக வந்து நானே அவளை மூழ்கடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவர் குறைச்சுச் சொல்றாரு சார்."

சிரிப்பு அடங்கியது.

"நூத்துத் தொண்ணூத்தெட்டு விளக்கை அணைச்ச வெளிச்சம் அது. ஊசியில நூல் கோர்க்கிற வெளிச்சத்துக்கு என் கண்ணு ஏமாறாது. கூட்டிச் சொல்றாருன்னு நீங்க நினைச்சுடுவீங்களோன்னு பயந்து சின்னதாக்கிச் சொல்றாரு. நீங்க வேணும்னா அதை ரெண்டு மடங்கா எழுதிக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறாள். அன்றைக்கு அந்த நீள மேசை முன்னால் செய்ததை எதனோடும் சேர்க்க மாட்டேன். கூட்டல் என்று பெயரெடுத்த என்னைப் பார்த்து, இவர் குறைத்துச் சொல்கிறார் என்று உலகத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தேன்.

அதிகாரி காலர் பொத்தானைக் கழற்றினார். ஏணி வண்டியை வரவழைத்து, தானே கூடையில் ஏறி, அந்தச் சந்தில் மூன்று கம்பங்களைப் பார்த்தார். கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கி வந்தவர் முகம் வெளிறியிருந்தது, உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். மெயின் அணைக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு அடுத்த வரியிலேயே, பதினான்கு கண்களைத் தவறாகப் பொருத்திச் சரி என்று சான்று தந்ததற்காக எச்சரிக்கை என்றும் எழுதினார். இரண்டும் ஒரே தாளில் இருந்தன. அந்தத் தாளை அவள் பத்திரமாக மடித்து, எட்டாவது பையில் வைத்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர் சந்து முனையில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான்தான் மேல பார்க்காம வந்துட்டேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் போட்ட பத்திரிகையிலேயே ஒரு மூலையில் நாலு வரி வந்தது. விடியற்காலை வானத்தில் விண்கல் ஒன்று எரிந்து விழுந்ததைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். நான் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

விசாரணை நடந்த அன்று மாலையே அவள் பதினான்கு கண்களையும் வடக்கே திருப்பிவிட்டு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "மாடிக்கு வாங்க" என்றாள். கொடியில் ஒன்றும் இல்லை. வானம் சும்மா இருந்தது. அவள் கிடங்கைப் பார்த்து, நான் அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றாள். பிறகு வடக்கே திரும்பினாள்.

"இருபத்தோரு வருஷமா மேலேயே பார்த்துட்டிருக்கேன்" என்றாள். "வந்த அன்னிக்குத் தூங்கிட்டேன்."

அவள் குரலில் அப்படி ஒரு ஏக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வேலை போகுமோ என்றபோதுகூட அவள் இப்படிப் பேசவில்லை.

"எனக்கு ஒரு தடவை முதல்ல இருந்து சொல்லுங்க. ஆபீசுக்குச் சொன்ன மாதிரி வேண்டாம். இப்ப எவ்வளவு வேணும்னாலும் கூட்டிச் சொல்லுங்க, நான் கழிக்க மாட்டேன்."

நான் சொல்லத் தொடங்கினேன். துணி வெளுத்தது, நிழல் நடந்தது, திரும்பினேன், பச்சை, ஆரஞ்சு, காலுறையின் ஓட்டை, மூன்று துண்டு. அவள் வடக்கு வானத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயாவது கொஞ்சம் கூட்டலாமா என்று நானும் தேடிப் பார்த்தேன். கூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.